உள்ளங்கைக் கட்டியும் நாலு ஊசியும்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், எல்லை தாண்டினால் சித்தூர், பலமநேர் என்று இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கி நிமிராமல் போனால் இனி அறுவை வேண்டாம், இங்கிலாந்தில் ஊசி வந்துவிட்டது, நாலே ஊசியில் கை நிமிர்ந்துவிடும் என்கிறது. அதைப் படித்துவிட்டு "அந்த ஊசி இங்க கிடைக்குமா சார்?" என்று கேட்பவர்கள் அனேகமாக எல்லோரும் விரல் மடங்கி வருடக்கணக்கானவர்கள். அந்த ஊசியின் பலன் சோதிக்கப்பட்டதோ இன்னும் பெரிதாக மடங்காத கைகளில். டுப்யூட்ரன் என்னும் இந்த நோயின் தொடக்கத்தில் உள்ளங்கையில் கடலைப் பருப்பளவு கட்டி ஒன்று தட்டுப்படும், வலிக்காது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை, ஆகவே யாரும் காட்ட வருவதில்லை. மருந்து வேலை செய்யக்கூடிய காலம் அதுதான். இந்த இடைவெளி ஏன் உண்டாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கட்டிக்குள் செல்கள் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். செய்தியில் விட்டுப்போனது அந்தப் பேச்சுதான்.

எந்த மடக்கம் இது

முதலில் ஒரு பயத்தை விலக்க வேண்டும். 1948 முதல் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்த வட்டாரம் இது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் மடங்கிய விரலைக் கண்டதும் வீட்டுப் பெரியவர்கள் மனதில் முதலில் எழுவது அந்த நோய்தான். வாய்விட்டுச் சொல்வது "நரம்பு இஸ்த்துக்கிச்சு" என்று. பிரித்தறிவது எளிது. தொழுநோயில், முழங்கை வழியே சுண்டு விரலுக்கு ஓடும் அல்னார் நரம்பு கெட்டு வரும் நகக் கை மடக்கத்தில், விரல் உள்ளங்கையோடு சேரும் கணு பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், அடுத்த இரு கணுக்கள் மடங்கும். சுண்டு விரலில் தொடுவுணர்வு குறையும். ஆரம்பத்தில் இன்னொரு கையால் நிமிர்த்தினால் நிமிரும். டுப்யூட்ரன் நோயில் உள்ளங்கையோடு சேரும் அந்தக் கணுவே மடங்கும். தொடுவுணர்வு குறையாது. உள்ளங்கையில் விரலை நோக்கி ஓடும் கயிறு கண்ணுக்கே தெரியும், எவ்வளவு நிமிர்த்தினாலும் விரல் நிமிராது. விரல் 'டக்'கென்று சிக்கி விடுபட்டால் அது டிரிக்கர் விரல். அங்கே தட்டுப்படும் முடிச்சு விரலை ஆட்டும்போது தசைநாணோடு சேர்ந்து நகரும், அழுத்தினால் வலிக்கும். பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு எல்லா விரல்களும் விறைத்து, கும்பிடும்போது இரு உள்ளங்கைகளும் ஒட்டாமல் நடுவில் சந்து விழுமானால் அது வேறொன்று. டுப்யூட்ரன் நோயும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக வருகிறது என்பதால், ஒரே கையில் இரண்டும் இருப்பது உண்டு.

புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குப் பேர்போனது என்பதால் இந்த விரலையும் அங்கே கொண்டுபோகத் தோன்றும். எலும்பில் கோளாறு இல்லாத இடத்தில் கட்டுப் போட்டு ஆவது ஒன்றுமில்லை. உள்ளங்கைத் தோலுக்கும் தசைநாண்களுக்கும் நடுவில் ஒரு நார்ப்படலம் விரிந்திருக்கிறது. மண்வெட்டியை இறுகப் பிடிக்கும்போது தோல் நழுவாமல் இருப்பது அதனால். நோய் அந்தப் படலத்தில். படலத்தில் முதலில் செல்கள் பெருகிக் கட்டியாகின்றன, பிறகு சுருங்குகின்றன, கடைசியில் செல்கள் குறைந்து கொலாஜன் கயிறு மட்டும் எஞ்சுகிறது. 1959இல் லக் என்பவர் வகுத்த இந்த மூன்று கட்டங்களை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

இழுத்தால் அவிழும் பொட்டலம்

பாரிஸில் டுப்யூட்ரன் இந்த நோயைப் பற்றிப் பேருரை நிகழ்த்தியது 1831இல். கயிறு ஏன் சுருங்குகிறது என்பதற்கு விடை கிடைக்க 1972 ஆயிற்று. அந்த ஆண்டு கேபியானியும் மாஜ்னோவும் கட்டியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தசைச் செல்லைப் போல உள்ளே சுருங்கும் இழைகளை வளர்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். அடையாளம் ஆல்ஃபா-எஸ்.எம்.ஏ. என்னும் புரதம். வெட்டுக்காயம் ஆறும்போது ஓரங்களை இழுத்து மூடுவதும் இதே செல்தான். காயம் மூடியதும் அங்கே இவை தாமாகவே செத்து ஒழிகின்றன. உள்ளங்கைக் கட்டியில் ஒழிவதில்லை.

ஃபைப்ரோபிளாஸ்ட்டை இப்படி மாற்றும் சமிக்ஞைகளில் மிக வலுவானது டி.ஜி.எஃப்.-பீட்டா 1. இது செல்லின் மேற்பரப்பு வாங்கிகளில் ஒட்டியதும் உள்ளே ஸ்மாட் 2, ஸ்மாட் 3 என்ற புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அவை ஸ்மாட் 4ஐச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போய் ஆல்ஃபா-எஸ்.எம்.ஏ., கொலாஜன் ஆகியவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. இந்த மூலக்கூறு சுதந்திரமாக மிதப்பதில்லை என்பது இந்த நோயில் முக்கியம். செல் அதை ஒரு மூடிக்குள் வைத்துத்தான் வெளியே விடுகிறது; மூடியின் ஒரு முனை வெளியில் உள்ள நார்வலையில் தைக்கப்பட்டிருக்கும், இன்னொரு முனையைச் செல்லின் இன்டெக்ரின் புரதம் பிடித்திருக்கும். ஆணியில் கட்டிய பொட்டலத்தின் நூலை இழுப்பது போலத்தான். ஆணி அசையாவிட்டால் பொட்டலம் அவிழும், ஆணியே கூட வந்துவிட்டால் அவிழாது. 2007இல் இதைச் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். மென்மையான படுகையில் மயோஃபைப்ரோபிளாஸ்ட் எவ்வளவு இழுத்தாலும் டி.ஜி.எஃப்.-பீட்டா வெளிவரவில்லை, விறைப்பான படுகையில் வந்தது. ஆக, கயிறு விறைக்க விறைக்க, அதே இழுப்பில் கூடுதல் சமிக்ஞை வெளிவருகிறது. அது இன்னும் செல்களை மாற்றுகிறது. அவை இன்னும் விறைக்கச் செய்கின்றன. வாரக்கணக்கில் எண்ணெய் போட்டு விரலைப் பலவந்தமாக நிமிர்த்தும் வைத்தியத்தை நான் ஏற்காதது இதனால்தான். கயிறு அதில் நீண்டதாக நிரூபணம் இல்லை. மடிப்பில் தோல் கிழிந்து புண்ணாவதுதான் நடக்கும்.

அப்படியானால் டி.ஜி.எஃப்.-பீட்டாவைத் தடுத்தால் போதுமே என்று தோன்றும். பல ஆண்டுகள் ஆராய்ச்சி அந்த வழியில்தான் போனது. ஆனால் உடலில் இதற்கு வேறு வேலைகள் ஏராளம். நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இதுதான். இந்த மரபணு இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களிலேயே உடல் முழுதும் அழற்சி கண்டு இறக்கின்றன. ஒரு விரல் நிமிர இந்த விலை கொடுக்க முடியாது.

இங்கே ஆய்வுக்கூட வேலை செய்பவர்களுக்காகக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் பல முரண்பட்ட முடிவுகள் பிளாஸ்டிக் தட்டிலிருந்து வந்தவை. அறுவையில் எடுத்த கட்டியைப் பொடியாக நறுக்கி, கொலாஜனேஸ் நொதியில் கரைத்து, செல்களைப் பிரித்துச் சாதாரணப் பிளாஸ்டிக் தட்டில் 10 சதவீதம் கன்றுச் சீரம் ஊற்றி வளர்ப்பது வழக்கம். பிளாஸ்டிக்கின் விறைப்பு உடல் திசுவைப் போல லட்சக்கணக்கான மடங்கு. சீரத்திலேயே டி.ஜி.எஃப்.-பீட்டா இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், நோயில்லாதவரின் ஃபைப்ரோபிளாஸ்ட்கூட நான்கைந்து முறை தட்டு மாற்றியதும் ஆல்ஃபா-எஸ்.எம்.ஏ. காட்டத் தொடங்கிவிடும். பிறகு நோய்ச்செல்லுக்கும் நல்ல செல்லுக்கும் வித்தியாசம் தெரியாது, அல்லது இல்லாத வித்தியாசம் தெரியும். செல்களைப் புதிதாக இருக்கும்போதே பயன்படுத்துவது, சோதனை நேரத்தில் சீரத்தைக் குறைப்பது, தட்டுக்குப் பதில் கொலாஜன் கூழில் விதைத்து அவை இழுக்கும் விசையை நேரடியாக அளப்பது என்று மூன்றையும் செய்தால்தான் முடிவை நம்பலாம். ஒப்பீட்டுக்கு எந்தத் தோலை எடுக்கிறோம் என்பது இவற்றைவிடப் பெரிய கேள்வி. திருப்பம் வந்ததே அங்கேதான்.

ஒட்டுத்தோலுக்கு அடியில் திரும்பாத நோய்

கையறுவை நிபுணர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவந்த விஷயம் ஒன்று உண்டு. கயிற்றை மட்டும் எடுத்தால் நோய் திரும்புகிறது. கயிற்றோடு அதன் மேலுள்ள உள்ளங்கைத் தோலையும் எடுத்துவிட்டு, உடலின் வேறிடத்திலிருந்து முழுத்தடிமன் தோலை ஒட்டினால், அந்த ஒட்டுக்கு அடியில் நோய் அரிதாகவே திரும்புகிறது. மெல்போர்ன் அறுவை மருத்துவர் ஹியூஸ்டன் இதை நோய்க்குப் போடும் தடுப்புவேலியாகவே பயன்படுத்தினார். படலத்தில் நோய் என்றால் மேலே உள்ள தோலை மாற்றுவதால் ஏன் பலன்? தோலின் உட்பகுதிச் செல்களில் ஏதோ இருக்க வேண்டும்.

2013இல் பிரிட்டனின் கையறுவை ஆய்வாளர் நஞ்சஹாலின் குழுவினர் இந்தக் கேள்வியையே சோதனையாக்கினார்கள். மூன்று வகைத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்களை எடுத்துக்கொண்டார்கள்: நோயாளியின் உள்ளங்கையிலிருந்து, அதே நோயாளியின் வேறிடத் தோலிலிருந்து, நோயில்லாதவரின் உள்ளங்கையிலிருந்து. டி.ஜி.எஃப்.-பீட்டா 1 கொடுத்தபோது மூன்றுமே மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறின. அதிலிருந்து இந்த நோய்க்கென்று எதுவும் தெரியவில்லை. அடுத்து டி.என்.எஃப். கொடுத்தார்கள். அழற்சியின் முதன்மைச் சமிக்ஞை அது. மூட்டுவாத மருந்துகள் குறிவைப்பதும் அதைத்தான். மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம், அதாவது கட்டிக்குள் செல்கள் தாமே சுரக்கும் அளவை ஒட்டிய சிறு அளவு. மாறியது நோயாளியின் உள்ளங்கைச் செல் மட்டும். அதே ஆளின் வேறிடத் தோல் மாறவில்லை, நோயில்லாதவரின் உள்ளங்கையும் மாறவில்லை.

நோய் ஏன் குறிப்பிட்ட சிலருக்கு வருகிறது, வந்தாலும் ஏன் உள்ளங்கையில், ஒட்டுத்தோலுக்கு அடியில் ஏன் திரும்புவதில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே சோதனை விடை காட்டியது. அதனால்தான் இந்த நோயைப் பற்றிப் படிப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் டி.ஜி.எஃப்.-பீட்டா அல்ல, டி.என்.எஃப். என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டி.ஜி.எஃப்.-பீட்டா எந்தத் தழும்பிலும் இருக்கும்.

டி.என்.எஃப். உள்ளே எடுக்கும் பாதையும் முன்பே கிடைத்திருந்த ஒரு தடயத்தோடு ஒட்டியது. சாதாரணமாக ஜி.எஸ்.கே.-3 பீட்டா என்னும் நொதி, பீட்டா-கேடெனின் புரதத்தை அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த உள்ளங்கைச் செல்களில் டி.என்.எஃப். வந்ததும் அந்த நொதி அடங்குகிறது, பீட்டா-கேடெனின் தேங்கி உட்கருவுக்குள் போகிறது. இது விண்ட் என்று அழைக்கப்படும் பாதை. 2011இல் வெளியான மரபணு ஆய்வில் டுப்யூட்ரன் நோயோடு தொடர்புடைய 9 இடங்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் 6 இடங்களில் விண்ட் பாதைப் புரதங்களின் மரபணுக்கள் இருந்தன. இந்த நோய் தகப்பன், பிள்ளை, பேரன் என்று குடும்பத்தில் இறங்கி வருவதற்கு அடிப்படை அங்கே இருக்கிறது.

2019இல் சுற்று இன்னும் தெளிவானது. கட்டிக்குள் மயோஃபைப்ரோபிளாஸ்ட் தனியாக இல்லை. மேக்ரோஃபேஜ், மாஸ்ட் செல் போன்ற நோயெதிர்ப்புச் செல்களும் குடியிருக்கின்றன. அவை விடும் டி.என்.எஃப். மயோஃபைப்ரோபிளாஸ்ட்டின் டி.என்.எஃப்.ஆர். 2 என்ற வாங்கியில் ஒட்டுகிறது. பதிலுக்கு அந்தச் செல் ஐ.எல்.-33 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது, ஐ.எல்.-33 மேக்ரோஃபேஜைத் தூண்டி மீண்டும் டி.என்.எஃப். சுரக்க வைக்கிறது. வெளியிலிருந்து காயமோ கிருமியோ வராமலேயே இது ஓடிக்கொண்டிருக்கும்.

ஊசியில் என்ன இருக்கிறது

ஊசி மருந்து அடாலிமுமாப். டி.என்.எஃப்.பைப் பிடித்துச் செயலற்றதாக்கும் எதிர்ப்புரதம். மூட்டுவாதத்துக்கு இந்தியாவில் பல ஆண்டுகளாகப் புழங்குவது. உலகின் முதல் அடாலிமுமாப் நிகர்மருந்தை (பயோசிமிலர்) 2014 டிசம்பரில் வெளியிட்டதே இந்திய நிறுவனம் ஒன்றுதான். கட்டிக்கு எவ்வளவு என்று பார்க்க, அறுவைக்குக் காத்திருந்த 28 பேருக்கு முதலில் வெவ்வேறு அளவில் போட்டு, பிறகு வெட்டியெடுத்த திசுவை ஆராய்ந்தார்கள். 0.4 மி.லி.யில் 40 மி.கி. என்ற செறிவான கரைசலில்தான் ஆல்ஃபா-எஸ்.எம்.ஏ. குறைந்தது. இது மருந்து வாங்கும்போது கவனிக்க வேண்டியது. அடாலிமுமாப் 0.8 மி.லி.யில் 40 மி.கி. என்றும் வருகிறது. கடலைப் பருப்பளவு கட்டிக்குள் 0.8 மி.லி. நிற்காது. இறுகிய திசுவில் அழுத்தம் தாங்காமல் மருந்து சுற்றிலும் கசிந்துவிடும், வலியும் அதிகம்.

அடுத்த சோதனை 2022இல் வெளியானது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 140 பேர். விரல் பெரிதாக மடங்காத ஆரம்பநிலை, ஆனால் வளர்ந்துவரும் கட்டி. மூன்று மாதத்துக்கு ஒன்றாக நாலு ஊசி, பாதிப் பேருக்கு உப்புநீர். 12ஆம் மாதம், கடினத்தை அளக்கும் டியூரோமீட்டர் கருவியால் அளந்தபோது மருந்து போட்டவர்களின் கட்டி மென்மையாகியிருந்தது, அல்ட்ராசவுண்டில் சிறுத்திருந்தது. 18ஆம் மாதத்திலும் அந்தக் குறைவு தொடர்ந்தது. சோதனை முக்கியமாக அளந்தது கட்டியின் கடினத்தையும் அளவையும்தான். விரல் மடங்குவதைத் தடுத்ததா என்பதற்கு இன்னும் நீண்ட காலம் பார்க்க வேண்டும். "நாலு ஊசியில் கை நிமிர்ந்துவிடும்" என்பதை எந்தச் சோதனையும் காட்டவில்லை. காட்டவும் முடியாது: கடைசிக் கட்டக் கயிற்றில் பேசும் செல்களே குறைவு, டி.என்.எஃப்.பை நிறுத்தினால் ஏற்கெனவே நெய்து முடித்த கொலாஜன் கரைந்துவிடாது.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். சிறுவயதில் கிருமி நுரையீரலுக்குள் நுழைந்து, நோயாகாமல் கிரானுலோமா என்ற சிறு கோட்டைக்குள் அடைபட்டுக் கிடப்பவர்கள் நம்மிடையே கோடிக்கணக்கில். அந்தக் கோட்டைச் சுவரைக் காப்பது அதே டி.என்.எஃப்.தான். அடாலிமுமாப் பெட்டியில் காசநோய் எச்சரிக்கை பெரிதாக அச்சிட்டிருப்பது அதனால். கட்டிக்குள் போடுவதால் கையோடு நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது. 40 மி.கி. என்பது மூட்டுவாதத்தில் உடல் முழுதுக்கும் இரு வாரத்துக்கு ஒருமுறை போடும் அதே அளவு. கட்டியிலிருந்து அது ரத்தத்துக்குப் போகிறது. மூன்று மாத இடைவெளி ஆபத்தைக் குறைக்கிறது, இல்லாமல் செய்வதில்லை. ஆகவே மார்பு எக்ஸ்ரே, உறங்கும் காசநோய்க் கிருமியைக் காட்டும் மாண்டூ தோல் பரிசோதனை அல்லது ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி பரிசோதனை இவை இல்லாமல் இந்த ஊசியை யார் போட முன்வந்தாலும் கையை நீட்டாதீர்கள். மாண்டூவில் 5 மி.மீ. தடிப்பே இந்த மருந்துக்கு முன் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது, பி.சி.ஜி. தடுப்பூசி அதைக் குழப்பக்கூடும், ஐ.ஜி.ஆர்.ஏ.வைக் குழப்பாது. உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் முதலில் அதற்கு மருந்து தொடங்கி, குறைந்தது ஒரு மாதமாவது கழித்துத்தான் டி.என்.எஃப். தடுப்பு மருந்தை எண்ணிப் பார்ப்பது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு கட்டிக்காக இவ்வளவும் தேவையா என்பதை அவரவர் மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். குடும்பத்தில் பலருக்கு நோய், ஐம்பது வயதுக்கு முன்பே தொடக்கம், இரு கையிலும் கட்டி என்றால் என் தராசு ஊசியின் பக்கம் சாயும். எழுபது வயதில் ஒரே கட்டி, பல வருடமாக மாறாதது என்றால் மறுபக்கம்.

ஏற்கெனவே மடங்கிய விரலுக்கு

உள்ளங்கைக் கணு 30 பாகைக்கு மேல் மடங்கினால் தலையீடு பற்றிப் பேசலாம் என்பது வழக்கமான அளவுகோல். நடுக்கணுவில் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. அங்கே மூட்டின் பக்கத்துத் தசைநார்களும் சுருங்கிவிடுவதால் கயிற்றை எடுத்தாலும் முழுதாக நிமிராது. ஊசிமுனையால் கயிற்றை அறுப்பது எளிது, மறுநாளே கை புழங்கும். ஆனால் நெதர்லாந்தில் ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஒப்பீட்டில் அப்படி அறுத்தவர்களில் 84.9 சதவீதம் பேருக்கும், திறந்து கயிற்றை அகற்றியவர்களில் 20.9 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. கயிறு அறுந்தாலும் செல்கள் அங்கேயே இருக்கின்றன என்பதை நினைத்தால் இந்த எண்களில் வியப்பில்லை. கொலாஜனேஸ் ஊசிக்கும் இதே நியாயம்தான்: அது கொலாஜனை வெட்டுகிறது, சமிக்ஞையைத் தொடுவதில்லை. அறுவையில் பயப்பட வேண்டியது சுருள் கயிறு. அது விரலின் நரம்பையும் ரத்தக்குழாயையும் நடுப்பக்கமாக, தோலுக்கு மிக அருகே இழுத்து வைத்திருக்கும். அதனால் இந்த அறுவையைக் கையறுவையில் பழகியவரிடம் செய்துகொள்வதே நல்லது.

இப்போது கட்டி மட்டும் இருப்பவருக்கு. கையை மேசையில் குப்புற வையுங்கள். உள்ளங்கையும் விரல்களும் முழுதாகப் பலகையில் படிய வேண்டும். படிந்தால் அவசரமில்லை. கட்டியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் மீண்டும் எடுங்கள். எல்லாக் கட்டியும் கயிறாவதில்லை. வளர்கிறது, அரிக்கிறது, அழுத்தினால் நோகிறது என்றால் அது பேசிக்கொண்டிருக்கும் கட்டி. அப்போதே காட்ட வேண்டும். சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், பீடி சிகரெட்டையும் மதுவையும் விடுங்கள். வலிப்புக்கு நெடுநாள் கார்டினால் (ஃபீனோபார்பிடோன்) மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, மருத்துவரிடம் சொன்னால் போதும்.

குப்பம் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் துளைபோடும் இயந்திரம் பிடிப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிர்வுக் கருவிகளுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஏற்று, பிரிட்டன் 2019 டிசம்பரில் இதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது: மொத்தம் பத்து ஆண்டு, வாரத்தில் மூன்று நாளாவது, நாளுக்கு இரண்டு மணி நேரமாவது கருவி பிடித்திருக்க வேண்டும், நோயும் அந்தக் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பத்தாண்டின் மொத்த மணிக்கணக்கை நம் குவாரிகளில் ஓரிரு ஆண்டிலேயே தாண்டுபவர்கள் உண்டு. அவர்களுக்கு நடக்கும் மருத்துவ முகாம்களில் நுரையீரலையும் காதையும் பார்க்கிறார்கள். உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்து, மேசையில் குப்புற வைக்கச் சொல்லி, அட்டையில் பாகையைக் குறித்துவிடலாம்.